மூணாவது எப்ப வரும்?

மாரிச்செல்வத்தின் குரலைக் கேட்காதவர்கள் தென்காசியில் குறைவு. முகம் தெரிந்தவர்களும் குறைவுதான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன பசுமாடு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் விளம்பர ஆட்டோவின் கூரையிலிருந்து வருவது அவன் குரல். கூலக்கடை பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அறை, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். அங்கே பேசிப் பதிவு செய்வான். பீர் மைதீன் என்பவர் தன் ஆட்டோவில் அதைத் தெருத்தெருவாகக் கொண்டு போவார்.

இந்தத் தொழிலில் அவன் தானே கண்டுபிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஆட்டோ ஒரு வீட்டு வாசலைக் கடக்க எட்டு நொடி. வேலைக்கு வந்த புதிதில், ரத வீதியில் ஒரு வாசலில் நின்று, செல்போனில் நேரம் பார்த்து, பீர் மைதீனை ஏழெட்டு தடவை வரவழைத்து அளந்தான். “பெட்ரோலு ஒங்க வீட்டுக் கிணத்துலயா ஊறுது?” என்று அவர் கேட்டார். அளந்த பிறகு அவன் எழுதும் எந்த அறிவிப்பும் அந்த எட்டு நொடிக்குள் முழுசாக இருக்கும். யார், எங்கே, எப்போது. மூன்றும் வந்துவிட வேண்டும். வாசலில் நிற்பவர் ஆட்டோவின் பின்னால் ஓடி வரப்போவதில்லை.

பிழைப்பு அது. மனசு இருந்தது வேறு இடத்தில். பதினேழு வயதிலிருந்து ராப் எழுதுகிறான். யாரும் சொல்லித் தரவில்லை. வெளியூர்ப் பாட்டுகளைப் போனில் வேகம் குறைத்துப் போட்டு, சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டி, எந்தத் தட்டில் எந்தச் சொல் விழுகிறது என்று எண்ணிப் பழகினான். அவன் கேட்ட நல்ல பாட்டுகளில் எல்லாம் யாரோ ஒருவர் இருந்தார். அவருக்கு ஏதோ ஒன்று நடந்தது. அது இல்லாத பாட்டு அவனுக்குப் பிடிபடவில்லை.

இப்போது அவன் அறைக்குப் பாடிப் பதிவு செய்ய வருகிறவர்கள் பாட்டில் யாரும் வருவதில்லை. கார் வருகிறது, தங்கச் சங்கிலி வருகிறது, எதிரி வருகிறான். போன மாதம் கடையத்திலிருந்து வந்த ஒருவன் இரண்டு நிமிஷம் எதிரிகளை வெட்டிப் போட்டான்.

“யாருலே ஒனக்கு எதிரி?” என்று கேட்டான் மாரி.

“சும்மா ஒரு கெத்துக்குண்ணே.”

“கார் இருக்கா?”

“அப்பாவோட டிராக்டர் இருக்கு.”

“டிராக்டரப் பத்தி எழுதுனா என்ன?”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கேட்டுக்கொண்டிருந்த பீர் மைதீன், “இதுக்கு ஜவுளிக்கட வெளம்பரமே தேவல வே. கட எங்கன இருக்குன்னாவது அதுல சொல்லுதோம்” என்றார். மாரிக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தான். அவனால் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாது.

அவன் எழுதியதில் அவனுக்கே குறை சொல்லத் தோன்றாத பாட்டு ஒன்றுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரைப் பற்றியது. சுந்தரபாண்டி. சீசன் நேரத்தில் குளிக்க வருகிறவர்களை மரப்பலகையில் உட்காரவைத்து, நல்லெண்ணெயை உச்சியில் வைத்து, பிடரி வரை தட்டி இறக்குவார். நடக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வார். வெளியூர்க்காரர்கள், காலையிலேயே ஏற்றிவிட்டார் என்பார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். சொல்லாமலே ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி உலகம்மை அதே இடத்தில் எண்ணெய், சீயக்காய், துண்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

பாட்டு மூன்று பகுதி, பகுதிக்குப் பதினாறு வரி. முதல் பகுதியில் அவர் தள்ளாடி வருகிறார், ஊர் சிரிக்கிறது. இரண்டாவதில் உலகம்மை எண்ணெய் காய்ச்சுகிறாள், அவர் ஏன் எதுவும் சொல்வதில்லை என்று கேட்கிறாள். மூன்றாவதில்தான் விஷயம். ஒரு ஐப்பசி வெள்ளத்தில் அருவியிலிருந்து இழுத்துப் போகப்பட்ட ஒரு பெண்குழந்தையைப் பிடிக்க இறங்கி, பாறையில் மோதி இடுப்பு ஒடிந்தவர் அவர். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை.

யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களிடம் முதலில் பாடிக் காட்டாமல் மாரி பதிவு செய்வதில்லை. உலகம்மையின் கடைக்குப் போய், எண்ணெய் டின் ஒன்றில் தாளம் போட்டு, மூன்று பகுதியையும் பாடினான். முதல் பகுதிக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் நெடுநேரம் துண்டுகளை மடித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடுனா முழுசாப் பாடணும். பாதியில நிப்பாட்டுனன்னு வையி, அவரு குடிகாரனாத்தாம்லே நிப்பாரு.”

“முழுசாத்தான்க்கா பாடுவேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அதைப் பதிவு செய்து தன் சேனலில் போட்டவன் விஜயசங்கர். கல்லூரியில் மாரியோடு படித்தவன், இசை அமைப்பது அவன், வரிகள் மாரி. பாட்டு ஓடவில்லை. விஜயசங்கர் சென்னைக்குப் போனான். அங்கே அவன் பெயர் எடுத்த பாட்டுகள் எல்லாம் ஒன்றரை நிமிஷம், ஒரே வரி திரும்பத் திரும்ப. மாரி அவற்றைக் கேட்பான், குறை சொல்லக்கூட ஒரு வரி கிடைக்காமல் போனைக் கவிழ்த்து வைப்பான்.

இந்த வருஷம் சீசன் தொடங்கி சாரல் பிடித்த வாரம், பழைய பாட்டின் முதல் பகுதியிலிருந்து இரண்டு வரியை விஜயசங்கர் வெட்டி, தாளத்தைக் கூட்டி, தனியாக விட்டான்.

“தள்ளாடி தள்ளாடி வாராரு அண்ணாச்சி,
தாங்கிப் பிடிங்கலே, தரையெல்லாம் ஊஞ்சலாச்சி.”

பதினைந்து நொடி. பத்து நாளில் குற்றாலத்தில் அதைத் தவிர வேறு பாட்டு இல்லை. ஈரத்துண்டைத் தோளில் போட்டவர்கள் அருவிக்கரையில் தள்ளாடி ஆடினார்கள், கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள். சிப்ஸ் கடைக்காரர் ஒருவர் சும்மா இருக்க முடியாமல், பாட்டில் வருகிறவரின் கடை இதுதான் என்று யாரிடமோ சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு உலகம்மையின் கடை வாசலிலேயே நின்று ஆடினார்கள்.

ஒரு ஓட்டல் விளம்பர வேலையாகப் போன மாரி அதைக் கண்ணால் பார்த்தான். மூன்று பேர் ஆடி முடித்து, ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு, “அக்கா, அண்ணாச்சி தெனம் எத்தன குவாட்டர்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உலகம்மை சில்லறையைக் கொடுத்தாள். பிறகு மாரியைப் பார்த்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தான்.

“மாரி, ஒண்ணு கேக்கணும். இதுல மூணாவது எப்ப வரும்?”

“எந்த மூணாவதுக்கா?”

“மூணாவது பகுதி. ஒரு வாரமாக் கேக்கேன். அவரு தள்ளாடுதாரு, எல்லாவனும் சிரிக்கான், திருப்பி மொதல்ல இருந்து தள்ளாடுதாரு. ஒருத்தன் போன்லயாவது வரும்னு எண்ணெய ஊத்திக்கிட்டே காதக் குடுத்துட்டு நிக்கேன்.”

அந்தப் போன்களில் மூன்றாவது பகுதியே இல்லை என்று அவனுக்குச் சொல்ல வரவில்லை. “வரும்க்கா” என்றான்.

அறைக்கு வந்ததும் விஜயசங்கருக்குப் போன் செய்தான்.

“முழுப் பாட்டையும் போடுலே.”

“முழுப் பாட்டு சேனல்ல ஏழு வருஷமா கெடக்கு மக்கா. கேட்டது முந்நூறு பேரு. அதுல இருநூறு தடவ நீ.”

“உலகம்மக்கா கட வாசல்லயே வந்து ஆடுதானுவலே.”

“தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது. ஆனா இனிமே என் கையில இல்ல. லட்சம் பேரு எடுத்துட்டான். நீ எழுதுனது அப்பிடி. மேட்டரக் கொண்டு போய்க் கடைசியில வச்சிருக்க. எவன் கடைசி வரைக்கும் வாரான்? மொதல்ல வச்சிருந்தா நானே அதத்தான் வெட்டியிருப்பேன்.”

போனை வைத்த பிறகு மாரி மாடிப்படியில் ஏறி இறங்கினான். கோபம் விஜயசங்கர் மேல் நிற்கவில்லை. அவன் சொன்னதில் ஒன்று தைத்தது. உண்மையைக் கடைசி வரை ஒளித்து வைத்ததும், அது வெளிவரும் இடத்தில் கேட்கிறவன் திடுக்கிட வேண்டும் என்று ஆசைப்பட்டதும் மாரிதான். அதற்காகத்தான் முதல் பதினாறு வரியில் அவரைக் குடிகாரனாகவே நடக்க வைத்தான். அந்த இரண்டு வரியை ஊர் சிரிக்கிற மாதிரி செதுக்க அவன் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டான். மற்ற எந்த வரிக்கும் அவ்வளவு நாள் ஆகவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. நாற்பத்தெட்டு வரியில் எங்கேயும் அவர் பெயர் இல்லை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்றே எழுதியிருந்தான். காணாமல் போன மாட்டுக்குக்கூட அவன் அடையாளம் சொல்லித்தான் அறிவிப்பு எழுதுகிறான்.

காகிதத்தை எடுத்தான். எட்டு நொடி. யார், எங்கே, என்ன நடந்தது. இருபது தடவை அடித்து எழுதி, தட்டில் கரண்டி போட்டுப் பார்த்து, கடைசியில் மூன்று வரி மிஞ்சியது.

“சுந்தரபாண்டி பேரு, அஞ்சருவி ஊரு,
புள்ளையத் தூக்கையில இடுப்பொடிஞ்சாரு,
குடிச்சதில்ல ஒருநாளும், கேட்டுப் பாரு.”

அதே தாளத்தில் பதிவு செய்தான். கேட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தது, கதை இல்லை. உலகம்மை காய்ச்சிய எண்ணெயும் அவர் சொல்லாமல் விழுங்கிய பதிலும் எங்கோ போய்விட்டன. இதுவும் வெட்டிய பாட்டுதான், வெட்டியவன் மட்டும் வேறு என்று நினைத்தான். ஆனாலும் மறுநாள் பீர் மைதீனிடம் பென்டிரைவைக் கொடுத்தான்.

“ஓட்டல் வெளம்பரம் நாலு தடவ, இது ஒரு தடவ பாய்.”

“ஓட்டல்காரன் கேட்டா?”

“சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட ஓட்டிக் கொடுப்போம்.”

“எங்க வீட்டுக் கிணத்துலயும் பெட்ரோலு ஊறல வே” என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவிச் சாலையில் நிற்க இடமில்லை. வண்டிகளை நிறுத்தவிடாமல் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். மாரி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான், முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. மங்குஸ்தான் கடைகளைத் தாண்டும்போது முதல் தடவை அந்த மூன்று வரி வந்தது. ஆடிக்கொண்டிருந்த ஒருவன் தாளத்தைக் கேட்டதும் இன்னும் வேகமாக ஆடினான். இன்னொருவன் ஆட்டத்தை நிறுத்தி ஸ்பீக்கரைப் பார்த்தான். அதற்குள் ஆட்டோ கடந்துவிட்டது.

உலகம்மையின் கடைக்கு முன்னால் இரண்டாவது தடவை வந்தது. யாருக்கோ எண்ணெய் அளந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முன்னால் பஸ் நின்றதால் ஆட்டோவும் நின்றது.

“பேரச் சொல்லிட்டியே” என்றாள்.

“ஆமாக்கா. மூணாவது வந்துட்டு.”

அவள் தலையை ஆட்டினாள். எண்ணெய்க் குப்பியை மூடினாள். “மத்த ரெண்டும் எங்கலே?”

மாரி சீட்டின் நுனிக்கு வந்தான்.

“நான் காய்ச்சுன எண்ணெய் எங்க? அவரு ஒண்ணும் சொல்லாம உக்காந்திருப்பாரே, அது எங்க? முழுசாப் பாடுதேன்னுதான சொன்ன.”

மாரி பென்டிரைவைப் பிடுங்கினான். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த மைக்கை எடுத்தான். ஒரு கையால் ஆட்டோவின் தகரத்தில் தட்டி, முதல் வரியிலிருந்து தொடங்கினான். தள்ளாடி என்றதும் சுற்றிலும் சிரிப்பும் விசிலும் கிளம்பின. அவன் நிறுத்தவில்லை. நான்காவது வரியில் பஸ் நகர்ந்தது. போலீஸ்காரர் கையை வீசினார்.

“எடுக்கணும் வே, எடுக்கணும்” என்றார் பீர் மைதீன்.

“மெதுவா எடுங்க பாய்.”

ஆட்டோ நகர்ந்தது. கேட்டவர்கள் பின்தங்கி, புதிய முகங்கள் வந்தன. அவர்களுக்குக் கிடைத்தது ஐந்தாவது வரி, ஆறாவது வரி, பிறகு அவர்களும் பின்னால் போனார்கள். எட்டு நொடிக்கு மேல் யாரும் கூட வரவில்லை. மாரி திரும்பிப் பார்த்தான்.

உலகம்மை வந்துகொண்டிருந்தாள். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தபடி, ஆட்டோவின் பின்கம்பியை எட்டிப் பிடித்தாள். சாரல் அவள் முகத்தில் விழுந்தது. அவளுக்குப் பின்னால், மங்குஸ்தான் கடைப் பக்கம் ஆட்டத்தை நிறுத்திய அந்த ஒருவன், ஈரத்துண்டோடு, இந்தப் பெண் எங்கே போகிறாள் என்று பார்த்தபடி நடந்தான்.

பீர் மைதீன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே கியரைக் குறைத்தார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. இரண்டாவது பகுதியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த முக்கு வந்தது. அங்கேயும் விசிலோடு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

“முழுசா” என்றாள் உலகம்மை, கம்பியை விடாமல்.

மூணாவதுக்கு இன்னும் நாலு வரி இருந்தது.