துத்தம் கலந்த பசை

என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில் உணர்ச்சி கிடையாது. மலையடிவாரத்தில் ஒரு செருப்புக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தபோது மிஷின் ஊசி நகத்தைத் துளைத்து எலும்பு வரை இறங்கியது. புண் ஆறிவிட்டது. விரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. காலால் மிதிக்கும் மிஷினில் துணியைத் தள்ளிக்கொடுக்க முடியும். ஆனால் கையூசியைப் பிடித்தால் அது எப்போது நழுவியது என்றே தெரியாது. கம்பெனியை விட்டுவிட்டு ஜமுனாமரத்தூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தேன். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். எனக்கென்று இருந்தது வீடும், ஒரு பழைய தையல் மிஷினும், கலசப்பாக்கம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த ஒரே தங்கையும்தான்.

பிழைப்புக்குப் போர்வை தைத்தேன். மலையில் குளிர் எலும்பைப் பிடிக்கும். பழைய புடவைகளை நாலைந்தாக அடுக்கித் தைத்த போர்வைதான் அதற்குத் தாங்கும். அடுக்குவது சுலபம். அடுக்கியதை நகராமல் பிடித்து வைப்பதுதான் பாடு. அப்படியே மிஷினில் ஓட்டினால் மேல்துணி ஒரு பக்கம் இழுக்கும், அடித்துணி சுருண்டுகொள்ளும். மற்றவர்கள் முதலில் நீள நீளமாகக் கையால் நூல் ஓட்டி அடுக்கைப் பிடித்துக்கொண்டு, மிஷின் தையல் முடிந்ததும் அந்த நூலை உருவி விடுவார்கள். என் விரலுக்கு அது ஆகவில்லை. குண்டூசி குத்திப் பார்த்தேன். துருப்பிடித்துத் துணியில் கறை விட்டது.

கம்பெனியில் தோலையும் உள்துணியையும் ஒட்டாமல் தைத்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே சொல்யூசன் என்கிற பசையைத் தடவுவோம். அந்த நாற்றத்தில் பல நாள் மதியச் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். போர்வைக்கு அது உதவாது, காய்ந்தால் விறைத்துவிடும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. துவைத்தால் போய்விடுகிற பசை எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த சாமையைக் கஞ்சியாகக் காய்ச்சித் தடவினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. ஜவ்வரிசிக் கஞ்சி நன்றாகப் பிடித்தது, ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் போர்வை முழுக்க எறும்பு. கடைசியில் மைதாவுக்கு வந்தேன். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி, துணியில் வடிகட்டி, மெல்லிசாகத் தடவி, மேலே இஸ்திரிப் பெட்டி வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் ஐந்து அடுக்கும் ஒரே துணிபோல் நிற்கும். தைத்த பிறகு ஓடையில் இரண்டு முறை அலசினால் பசை கரைந்து போர்வை மெத்தென்று ஆகிவிடும். அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு என் விரல் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

மழைக்காலம் வந்ததும் மைதாவும் கெட்டது. ஒட்டி வைத்த துணியில் பூஞ்சை பூத்தது. எலி ஓரத்தைக் கடித்தது. ஜமுனாமரத்தூர் சந்தையில் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன். பசையில் ஒரு சிட்டிகை துத்தம் போடச் சொன்னார். வயலுக்கு மருந்தாக அடிக்கிற நீல மயில்துத்தம்தான், உரக்கடையில் கிடைக்கும், பூச்சி எதுவும் கிட்டே வராது என்றார். கை கழுவாமல் சாப்பிடாதே, அது விஷம் என்றும் சொன்னார். அவர் மறைக்கவில்லை. நான்தான் ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு கை போட்டேன். அந்த வருஷ மழை அப்படி.

அந்தக் கார்த்திகையில் தங்கை ஏழு மாதக் குழந்தையோடு, அக்கா வீடு என்று என்னிடம் வந்து தங்கியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். பெண் குழந்தை. பல் முளைக்கிற பருவம், எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். அவளுக்காகச் சின்னதாக ஒரு போர்வை தைத்தேன். அப்பாவின் வெள்ளை வேட்டி அடியில், அம்மாவின் நூல் புடவை மேலே. ஓரம் மடித்துத் தைக்கிற இடத்தில் பசையை இரண்டு பூச்சாகப் பூசினேன்.

தைத்து முடித்தபோது வெயிலைப் பார்த்து ஒன்பது நாளாகியிருந்தது. அலசினால் காயாது. காயாத போர்வையைப் போர்த்தினால் குழந்தைக்குச் சளி பிடிக்கும். ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தாள். வெயில் வந்ததும் வாங்கி அலசிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். தங்கை விரித்துப் பார்த்தாள். வேட்டி ஓரத்தில் வெளிர்நீலம் தெரிந்தது. அது என்ன என்று கேட்டாள். நீலம் போட்டு அலசினேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அலசாமல் கொடுத்தேன் என்றால் ஏதாவது சொல்வாளே என்ற கூச்சம், அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

மூன்றாம் நாள் காலை குழந்தை வாந்தி எடுத்தாள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தங்கை வசம்பு உரசி நாக்கில் தடவினாள். மறுபடி வாந்தி. இந்த முறை அது பச்சையும் நீலமுமாக இருந்தது. நான் போர்வையைப் பார்த்தேன். ஒரு மூலை முழுக்கச் சப்பிச் சப்பி ஈரமாகி, நீலம் வெளுத்துப்போயிருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போர்வையைச் சுருட்டி மிஷினுக்குப் பின்னால் போட்டேன். ஜீப் பிடித்து ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் குழந்தையின் தலை தங்கையின் கையில் துவண்டு துவண்டு சாய்ந்தது. அழக்கூடக் குழந்தைக்குத் தெம்பில்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். சொல்ல வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினேன்.

கீழே தங்கையின் மாமியார் செய்தி கேட்டு எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா சின்ன வயசு. தங்கையின் முந்தானையில் இருந்த கறையைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"குழந்தை வாயில என்ன போச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. தெரியாம மருந்து குடுக்க முடியாது."

"பாலு மட்டுந்தாங்க. வேற ஒண்ணுமே குடுக்கலீங்க" என்றாள் தங்கை.

டாக்டரம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பார்வை என் முகத்தில் நின்றது.

"போர்வையில துத்தம் கீதுங்க. நான்தான் பசையில போட்டேன். பாப்பா அத சப்பிடுச்சு."

எவ்வளவு என்று கேட்டார். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் அதற்குமேல் நிற்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவு மூடியது. தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அலசிட்டேன்னு சொன்னியேக்கா."

"அலசலம்மா."

அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. சுவர் ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மாமியார்தான் பேசினார். வாயில் வராத வார்த்தை இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதினேழு நாள் குழந்தை உள்ளே இருந்தாள். மஞ்சளாகிப் போனாள். இரத்தம் ஏற்றினார்கள். குடகிலிருந்து வந்த தங்கை வீட்டுக்காரர் என்னை வார்டு பக்கம் வரவேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வாசலில் புங்கமரத்தடியில் இருந்தேன். அங்கிருந்து ஜன்னல்களை எண்ணி, குழந்தை இருப்பது எந்த ஜன்னல் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். பிறகு தெரிந்தது, அது வேறு வார்டு.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். அவர்கள் நேராகக் கலசப்பாக்கம் பக்கம் போனார்கள். நான் தனியாக பஸ் ஏறினேன். ஊரில் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. என்னிடம் போர்வை வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். அலசிக் கொடுத்த போர்வைகள்தான் அவை. யாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன். மிச்சமிருந்த துத்தத்தையும் அதோடு போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, அப்பா பேரில் இருந்த நிலத்துக்குக் கையெழுத்துப் போட ஜமுனாமரத்தூர் ஆபீசுக்குத் தங்கை வந்தாள். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயசுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இரத்தம் குறைவாக இருக்கிறது, மாதாமாதம் காட்டுகிறோம் என்றாள். எதிர்க்கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி நீட்டினேன். குழந்தை கையை நீட்டினாள். தங்கை அந்தக் கையை மெதுவாக மடக்கினாள்.

"வாணாம்க்கா. நீ அன்னிக்கு வாயத் தொறந்ததாலதான் இவ உசுரோட கீறா. டாக்டரம்மா சொன்னாங்க, அத நான் மறக்கல. ஆனா நீ இன்னா குடுத்தாலும், இத அலசினாளா இல்லியான்னுதான் எனக்குத் தோணுது. நான் இன்னா பண்றது?"

பாக்கெட்டை என் பையில் போட்டுக்கொண்டேன். யார் இது என்று குழந்தை கேட்டாள். பெரியம்மா என்றாள் தங்கை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் போய்விட்டது. அவள் மேலே வரவில்லை. நானும் கீழே போகவில்லை.