முதலில் ஏறுகிறவர்

ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்று, அரைச் சுற்று, பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொன்று. வண்டி ஒரு தும்மல் போட்டு, உடம்பெல்லாம் நடுங்கியபடி உயிர் பெறுகிறது. பல் டாக்டர் கையைத் தட்டிக்கொண்டு முன்பக்கத்தைச் சுற்றி வருகிறார். குளிர் காதைக் கடிக்க, மனைவி ஒரு குஷனை நெஞ்சோடு அணைத்தபடி கதவருகே காத்து நிற்கிறாள். "தள்ளு, தள்ளு" என்று அவளை ஒதுக்கிவிட்டு அவர் ஏறுகிறார். இருக்கையில் நகர்ந்து நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய்ச் சேர்கிறார். அதன் பிறகுதான் அவள் ஏற வேண்டும்.

இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அந்த வண்டிக்கு ஸ்டியரிங் பக்கம் கதவு கிடையாது. கதவு மாதிரி தகரத்தில் ஒரு கோடு போட்டு ஏமாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏற ஒரே வழி, உட்கார ஒரே நீள இருக்கை. முதலில் ஏறுகிறவர் ஓட்டுகிறவர், பின்னால் ஏறுகிறவர் வேடிக்கை பார்க்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து இந்த வரிசை மாறியதே இல்லை.

வண்டிக்குப் பெயர் பெரியம்மா. வயதில் இருவருக்கும் மூத்தவள், சொன்ன பேச்சுக் கேட்காதவள், ஆனாலும் வீட்டில் எல்லாரும் பயந்து நடந்துகொள்ள வேண்டியவள் என்பதால் அந்தப் பெயர். டாக்டர் அவளிடம் நோயாளியிடம் பேசுவது மாதிரியே பேசுவார். என்ஜின் மூடியைத் திறக்கும்போது, "பெரிசா தொறங்க... இன்னும் கொஞ்சம்... அவ்ளோதான்." திருகாணியை முடுக்கும்போது, "வலிக்காது, வலிச்சா கையத் தூக்குங்க." வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்டுப் பழகிய மனிதர். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மனைவியிடமும் அப்படித்தான். "இவளே, மழை வரும்னு நெனைக்கிறியா? வராது."

கிளினிக்கில் ஒருவர் வந்து சாய்வதற்கு முன் நாற்காலியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவது அவர் பழக்கம். தூசி தட்டுகிறாரா, நாற்காலிக்குத் தைரியம் சொல்கிறாரா தெரியாது. பயந்து வருகிறவர்கள் அந்தத் தட்டலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரியம்மா கப்பலேறுவாள். இவர்கள் பின்னாலேயே விமானத்தில் போய், ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் அவளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மலை எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் திருப்புவார்கள். ஊர் சுற்றிப் பார்க்கிற ஜாதி இல்லை இவர்கள். கோட்டை, கொத்தளம், அருங்காட்சியகம் எதுவும் வேண்டாம். ஆள் நடமாட்டம் நின்றுபோய், மரங்களும் நின்றுபோய், புல்லும் கல்லும் மேகமும் மட்டும் மிச்சமிருக்கிற உயரம்தான் வேண்டும். வழி சொல்வது மனைவியின் வேலை. தபால் நிலையத்தில் காலமெல்லாம் காலை ஷிப்டில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவளுக்கு, முகவரியே இல்லாத இடங்களின் மேல் ஆரம்பத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது. பிறகு அது ஒருவித மயக்கமாக மாறிவிட்டது. மடியில் வரைபடத்தை விரித்து, பேரில்லாத கோடுகளை விரலால் தடவிக்கொண்டே வருவாள்.

பெரியம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து பெட்ரோல் தானாக வழிந்து என்ஜினுக்குப் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் மூக்கை மேலே தூக்கினால் என்ஜின் உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் பின்தங்கிவிடும், அவள் விக்கி நின்றுவிடுவாள். அதற்கு ஒரே மருந்து, வண்டியைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸில் மலையேறுவது.

எதிரே வரும் லாரிக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். மனைவிக்கோ பயணத்திலேயே பிடித்தது அதுதான். போகும் இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த இடத்தைப் பார்த்தபடியே உயர உயரப் போவது. காலையில் தேநீர் குடித்த வீடு தெரியும், அதன் புகை தெரியும், பிறகு புகை மட்டும் தெரியும், பிறகு பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி மேகம் நிறைந்து எல்லாம் அடங்கிவிடும். தூக்கமா விழிப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிலை. இன்னொரு காரணமும் உண்டு. ரிவர்ஸ் எடுக்கும்போது டாக்டர் அவள் பக்கம் உடம்பைத் திருப்பி, இருக்கையின் முதுகில் கையைப் போட்டு, அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்ப்பார். அவர் முகம் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். வீட்டில் பேப்பருக்குப் பின்னாலும் கிளினிக்கில் முகமூடிக்குப் பின்னாலும் இருக்கும் முகத்தை அவள் முழுசாகப் பார்ப்பது மலையேறும்போது மட்டும்தான்.

அவளுக்கென்று ஒரு ரகசியம் உண்டு. அவர் மத்தியானம் கிளினிக் போன பிறகு, பெரியம்மாவை அவள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை இருமுறை அல்ல, பல வருஷமாக. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி உதைத்து எலும்பை முறித்துவிடும் என்பதெல்லாம் அவரைப் பார்த்தே கற்றுக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் கிடங்குச் சுவருக்கும் இவர்கள் சுவருக்கும் நடுவே ஒரு முட்டுச்சந்து. உள்ளே போனால் திருப்ப இடம் கிடையாது. அவ்வளவு தூரமும் ரிவர்ஸிலேயே வர வேண்டும். குள்ளமான உருவம் என்பதால் குஷனைக் கீழே போட்டு அதன்மேல் உட்காருவாள். பயணத்தில் அதே குஷன் முதுகுக்குப் போகும், இடுப்பு வலி என்ற பெயரில். ஓட்ட ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

டாக்டருக்கு இது தெரியாது என்றே நினைத்திருந்தாள். டேங்கில் மரக்குச்சியை விட்டு பெட்ரோல் அளக்கும்போது மட்டும் அவர் எப்போதாவது முணுமுணுப்பார். "பெரியம்மா சும்மா நின்னாலும் குடிக்கிறாளே!" அப்போதெல்லாம் அவளுக்குத் திடீரென்று அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இந்தத் தடவை புறப்படும்போதே ஏதோ சரியில்லை. முகம் மழிக்கும் வட்டக் கண்ணாடி ஒன்றை முன்கண்ணாடிச் சட்டத்தில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார். "பின்னாடி பாக்க வசதியா இருக்கும்னுதான்" என்றார், அவள் கேட்காமலே. வழியில் தங்கிய விடுதியில், அவள் கூப்பிட்டால் அவர் நாற்காலியோடு திரும்பினார். தண்ணீரை அண்ணாந்து குடிக்காமல் பாட்டிலில் வாய் வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி உறிஞ்சினார். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மகள் போனில், "அப்பாவுக்கு வயசாகுதும்மா, வந்ததும் அந்த வண்டிய வித்துடலாம்" என்று சொன்னபோதும், "நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே பெரியம்மா விக்க ஆரம்பித்தாள். வழக்கம்போல இறங்கி, சுற்றிப் பார்த்து, வண்டியைத் திருப்பி, ரிவர்ஸைப் போட்டார். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றும் இல்லை. மேகம்தான், அதற்குக் கீழே எங்கோ ஆட்டு மணிச் சத்தம். மனைவி அவர் முகம் தன் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தாள்.

திரும்பவில்லை. அவர் நேராக உட்கார்ந்து, வட்டக் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். முதல் வளைவு நன்றாகத்தான் போனது. இரண்டாவது வளைவில் மேகம் ரோட்டில் ஏறி வந்து கண்ணாடி முழுக்க வியர்த்துவிட்டது.

"என்னங்க, ஓரம்... ஓரம்!"

அவர் கழுத்தைத் திருப்பப் பார்த்தார். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, கழுத்து மட்டும் அசையவில்லை. பின்சக்கரம் எதிலோ மோதி வண்டி தூக்கிப் போட்டது. பிரேக் பிடித்தார். பெரியம்மா உறுமி அடங்கினாள்.

இறங்கிப் பார்த்தால், சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றிருந்தது. அந்தக் கல் மட்டும் இல்லையென்றால் நேரே மேகத்துக்குள்தான். இரண்டு பேரும் கல் பொறுக்கி, இறக்கத்துப் பக்கம் சக்கரங்களுக்கு அணை கொடுத்தார்கள். பிறகு டாக்டர் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்.  

"எப்ப இருந்து?" என்று கேட்டாள்.

"எது?"

"கழுத்து."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்த கழுத்து. அவர் முன்னால் இருந்த மேகத்தைப் பார்த்தபடியே சொன்னார். "போன மழைக்கு முன்னாடியே கொஞ்சம் புடிச்சுது. சரியாயிடும்னு பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வர விட்டிருக்க மாட்ட."

"விட்டிருக்கவே மாட்டேன். உங்களக் கட்டிப்போட்டு வெச்சிருப்பேன்! ரெண்டு பேரும் இந்நேரம் அடியில கெடந்திருப்போமே, யோசிச்சீங்களா?"

கோபத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. மறைத்தது இவர் மட்டுமா என்று உள்ளே ஒன்று கேட்டு, பாதிக் கோபத்தைப் பிடுங்கிக்கொண்டது.

அவர் சொன்னார்: "கீழ நடந்து போயி ஒரு லாரி பாத்துட்டு வரேன். பெரியம்மாவ அதுல ஏத்தி அனுப்பிடலாம். திரும்பி வீட்டுக்கெல்லாம் வேணாம். இங்கயே யாராவது நல்லவங்களாப் பாத்துக் குடுத்துடலாம்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உடைந்த பல்லை எடுத்துவிடலாம் என்று சொல்கிற குரல். ஆனால் சொல்லிவிட்டுப் பாறையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மேகம் விலகியது. ஆடுகள் வளைவில் திரும்பி வந்தன. ரோடு நிறைய, அவசரமில்லாமல். பெரியம்மாவிடம் வந்ததும் இரண்டாகப் பிரிந்து, அவளைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் மறுபடி ஒன்றாகிக் கீழே போயின. கடைசி மணியும் கரைந்த பிறகு அவ்வளவு பெரிய மலையில் ஒரு சத்தமும் இல்லை. மேலே, கைக்கெட்டும் தூரம் மாதிரி, கணவாயின் வாசல் வெளிச்சமாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு மூன்று வளைவுகள்தான்.

மனைவி ஓரத்தையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாள். கிடங்குச் சந்து இதைவிடக் குறுகல். அங்கே பள்ளம் இல்லை, அதுவும் உண்மைதான். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். இந்த நேரத்திலா சொல்வது? மனிதர் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, நான் ஓட்டுவேன் என்று எப்படிச் சொல்வது?

டாக்டர் எழுந்தார். லாரி தேடிக் கீழே போகப் போகிறார் என்று நினைத்தாள். போகவில்லை. ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்று, அரைச் சுற்று, இன்னொன்று. பெரியம்மா தும்மி எழுந்தாள். அவர் கையைத் தட்டிக்கொண்டு முன்பக்கத்தைச் சுற்றி வந்தார். பழக்க தோஷம், அவள் குஷனை அணைத்துக்கொண்டு கதவைவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"வேணாங்க" என்றாள். "சொன்னாக் கேளுங்க. கழுத்து திரும்பாம எப்படி..."

அவர் ஏறவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தார்.

"குஷன முதுகுக்கு வெக்காத, கீழ வெச்சுக்கோ" என்றார். "இல்லன்னா உனக்கு ரோடு தெரியாதே."

 மரக்குச்சியும், அந்த முணுமுணுப்பும், தான் அடுப்புக்கு ஓடியதும் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. அத்தனை வருஷமும் அவர் அறிந்திருந்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காத மனிதர், இந்த ஒன்றைக் கேட்காமலே காத்திருந்திருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, அழுகை இன்னும் முழுசாக நிற்கவில்லை.

"பின்னாடி மட்டும் நான் பாத்துக்கறேன்" என்றாள் மெதுவாக. "நீங்க முன்னாடி எப்படியிருக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்க."

டாக்டர் அவள் கையிலிருந்து குஷனை வாங்கினார். முழு உடம்பையும் வளைத்து வண்டிக்குள் எட்டி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அதை வைத்தார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கதவைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்.