தாகிர் பாய் நிறுத்திய ஜீப்

ஜீப் ஒன்றின் பின்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர் ஒருவர் வந்து, "அண்ணே, தாகிர் பாய் மவுத்தாயிட்டாகளாம்" என்றார். அந்தச் சாவுச் சேதியில் கையிலிருந்த ஸ்பேனரை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. கம்பம் ஊரில் இருபது வருடமாக எதிரெதிர்ப் பட்டறை எங்களுக்கு. தொழிலில் போட்டிதான், டீ மட்டும் ஒரே கடையில்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறும் ஜீப்புகள் உங்களுக்குத் தெரியும். மலை ஏறும் வண்டி என்றாலே ஸ்பேனரில் பைப்பைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று வீல் நட்டை முறுக்குவது எங்கள் வழக்கம். நான் ஒரு படி மேலே போய், காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் ஏர் கன் வாங்கினேன். அது போட்ட சத்தத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் மட்டும் குட்டை ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பார். "நட்டு புடிச்சிருச்சுன்னா விட்ரணும் மாப்ள. அதுக்கு மேல முறுக்குனா அது நம்ம கோவம்" என்பார்.

ஒரு விடியற்காலை, முந்தின நாள் நான் முடித்துக் கொடுத்த ஜீப் பெண்களோடு கிளம்பியது. என் மனைவியும் அதில் இருந்தாள். பாய் நடுரோட்டில் நின்று மறித்து எல்லோரையும் இறக்கினார். "நேத்து உன் ஏர் கன்னு ரொம்ப நேரம் கத்துச்சு மாப்ள. எனக்குத் தூக்கமே இல்ல" என்றார்.

"நல்லா இறுகித்தான இருக்கு, எங்கிட்டுக் கழலும்?" என்று எகிறினேன். அவர் நட்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் விரலாலேயே திரும்ப ஏற்றிப் பார்த்தார். நான்கு சுலபமாகப் போயின. ஐந்தாவது பாதியில் நின்றது. முறுக்கிய முறுக்கில் நட்டைத் தாங்கும் அந்தத் திருகாணி, அதாவது ஸ்டட், இழுபட்டு நடுவில் சிறுத்திருந்தது. அதைக் கழற்றி வைஸ் இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார், ஒடிந்துவிட்டது.

"என்னாச்சு பாய்?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல ஆத்தா, ஸ்டட்டு பழசு" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஐந்தையும் புதிதாகப் போட்டுக் கையால் இறுக்கி அனுப்பினார். அதன்பிறகும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இறுக்கம் சரியான அளவைத் தொட்டதும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரென்ச்சைப் பின்னாளில் வாங்கி, அவர் இறுக்கிய சக்கரமொன்றில் வைத்துப் பார்த்தேன். ஐந்து நட்டிலும் நூலளவு அசைந்ததுமே ரென்ச் 'டிக்' என்றது. அசந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். எப்படி என்று கேட்டதற்கு, "கை கனக்கும்ல, அங்கன நிப்பாட்டிரு" என்றார். எனக்கு இன்னும் அந்த இடம் சரியாகப் பிடிபடவில்லை.

பாயை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்கள் முன்னால் சொல்கிறேன்: அந்த ஸ்டட் பழசு இல்லை. அதைக் கெடுத்தவன் நான். இப்போது ஏர் கன்னை நட்டைக் கழற்ற மட்டுமே எடுக்கிறேன். ஒடிந்த துண்டு என் மேசை டிராயரில் இருக்கிறது. நேற்று அதை என் மனைவியின் கையில் வைத்து உண்மையைச் சொன்னேன்.

"பாய் பழசுன்னுதான சொன்னாக. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.