வெளிர் ரோஸ்

பேக்கரியில் என் அண்ணியைக் கலரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக் மேல் தூவும் பொடித்த சர்க்கரைக்குக் கலர் ஏற்றுவது பதினெட்டு வருடமாக அவள் வேலை. அண்ணன் படுத்த படுக்கையானபின் அந்த வீட்டில் உலை வைப்பதே அவள் சம்பளத்தில்தான். எனக்கு அங்கேயே ஓவன் வேலை.

கலர்பொடி பொல்லாதது. காய்ந்த சர்க்கரையில் வெளிறிக் கிடக்கும், கிரீமின் ஈரம் பட்டதும் குப்பென்று ஏறிவிடும். அதனால் அண்ணி விரலை நனைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை ஒற்றிப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்வாள்.

போன வருடம் டாக்டர் சொல்லிவிட்டார், கண் நரம்பு கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்று. வெளிர் நிறமெல்லாம் அவளுக்கு ஒன்றுதான். தெரிந்தால் வேலை போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அவள் விரலை நீட்டுவாள், நான் "போதும் அண்ணி" என்பேன். மூக்கு நுனியில் கோபம் உள்ளவள் நான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொல்வேன்.

நேற்று ஓவனை விட்டு என்னால் நகர முடியவில்லை. எத்தனை தடவைதான் கூப்பிடுவது என்று கூச்சப்பட்டு, அவளே அளந்து போட்டிருக்கிறாள். அரை மணி நேரத்தில் நூறு கேக்கும் ரத்தச் சிவப்பு.

முதலாளி கெட்டவர் இல்லை. இன்று காலை மேஜைக்கே வந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. ஆனா கண்ணு தெரியலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். என் முன்னாடி ஒரு கிண்ணம் கலந்து காட்டுங்க, போதும்."

அண்ணி சல்லடையைத் தட்டினாள். பார்க்காமலே, கலர்பொடி வழக்கமாக இருக்கும் இடதுபக்கம் கையை நீட்டி டப்பாவைத் திறந்தாள். நேற்றுச் சிந்தியதைத் துடைத்தபோது டப்பாக்களை இடம் மாற்றி வைத்தது நான்தான். அவள் கையில் இருந்தது, சர்க்கரை கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் சோளமாவு. வாய் திறந்தால் கண் கதை வெளியே வந்துவிடும். திறக்காவிட்டாலும் வந்துவிடும். மரம் மாதிரி நின்றேன், பாவி.

அவள் அரை ஸ்பூன் போட்டாள். பொறுமையாகக் கலந்தாள். விரலை நனைத்து ஒற்றினாள்.

"வெளிர் ரோஸ் வந்துடுச்சுங்க."

முதலாளி அந்த வெள்ளை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியில் பயந்துபோய், பழக்கத்தில் அண்ணி விரலை என் பக்கம் திருப்பினாள்.

"போதுமா?"

"போதும் அண்ணி," என்றேன்.