சங்கு ஊதினால் விட்டுவிட்டுப் போகலாம்

ஆம்பூரில் செல்போன் விளையாட்டு தயாரிக்கும் சின்னக் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் புது விளையாட்டை முதலில் ஆடிப் பார்ப்பவர்கள், சாப்பாட்டு நேரத்தில் வெளியே வரும் எதிரில் இருக்கும் ஷூ கம்பெனிப் பெண்கள்தான். விளையாட்டை வெளியிட முன்வந்த பெங்களூர்க்காரரையும் அவர்களிடம் அழைத்துப் போனேன்.

"பாதியில விட்டா தோத்துப்போற மாதிரி மாத்துங்க. அப்பத்தான் போனைக் கீழ வைக்க மாட்டாங்க" என்றார் அவர்.

மெஷினில் தைக்கும் ஓர் அக்கா விடவில்லை. "சாப்பாட்டு நேரம் முடிஞ்சு சங்கு ஊதுனா நாங்க வேலைக்கு ஓடணும் சார். உங்க ஆட்டத்துல ஜெயிக்க, சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கணுமா? இன்னா நியாயம் இது?"

பெங்களூர்க்காரர் என்னைப் பார்த்தார். "மாத்தலேன்னா அக்ரிமென்ட் இல்ல."

"வேணாம் சார். மனுஷங்களைக் கட்டிப்போடுற ஆட்டம் எங்ககிட்டேர்ந்து வராது" என்றேன்.

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். விளையாட்டுக்குப் படம் வரையும் பெண் என்னிடம், "போவட்டும் பாய், நாமளே வெளியிடலாம்" என்றாள். எதையும் மாற்றாமல் அன்று சாயங்காலமே வெளியிட்டோம்.