வெறும் புஞ்சைக்கு வந்த ஆடுகள்

இளங்கலை இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் என் தோழிகள் கொடைக்கானலுக்குப் போனார்கள். நான் ஆட்டுப் புழுக்கைக்குப் போனேன். விலங்கியல் துறையில் விடுமுறை ஆய்வு என்று ஒன்று உண்டு. அதை உருப்படியாக முடித்தால் முதுகலைக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைப்பதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் கோவில்பட்டியில் வாப்பாவின் பிளாஸ்டிக் சாமான் கடையில் கல்லாப்பெட்டி எனக்காகக் காத்திருந்தது. கல்லாவுக்கு மேலே மின்விசிறி கிடையாது. அறிவியலில் எனக்கிருந்த ஆர்வத்தில் பாதி அந்த இல்லாத மின்விசிறியால் வந்தது.

கரிசலில் அறுவடை முடிந்ததும் கிடை போடுவார்கள். ஆடு மேய்க்கும் கீதாரி தன் மந்தையை ராத்திரி ஒரு புஞ்சையில் அடைப்பார். விடிந்து பார்த்தால் நிலம் முழுக்க எரு. கிடை போட்ட மண்ணுக்கு என்னென்ன பூச்சிகள் வருகின்றன, போடாத மண்ணில் என்னென்ன இருக்கின்றன என்று ஒப்பிடுவதுதான் என் வேலை. பேராசிரியர் இதற்கு ஆங்கிலத்தில் நீளமான தலைப்பு வைத்தார். புழுக்கை என்று பொருள்படும் எந்தச் சொல்லும் அதில் வராமல் பார்த்துக்கொண்டார்.

நிலம் கொடுத்தவர் வாப்பாவின் பழைய வாடிக்கையாளர். பசுவந்தனைப் பக்கம் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு புஞ்சைகள். ஒன்றில் கிடை போட்டு முடித்திருந்தார். மற்றதை அப்படியே விட்டுவைக்கும்படி கேட்டேன்.

“இங்கன ஆடே வரக் கூடாதாட்டி?”

“வரக் கூடாது அண்ணாச்சி. இது வெறுமன கெடந்தாத்தான் அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியும்.”

“நல்லா இருக்கே ஒன் படிப்பு. ஒங்க வாப்பா மொகத்துக்காவ விடுதேன்.”

இரண்டு புஞ்சையிலும் வாப்பா கடை டம்ளர்களை விளிம்பு தரையோடு ஒட்டும்படி புதைத்து, அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். நடந்து போகும் பூச்சி உள்ளே விழும், ஏற முடியாது. பாடப்புத்தகத்தில் இது எளிது. கரிசல் மண் பாடப்புத்தகம் படித்ததில்லை. வெயில் ஏற ஏற அது வெடித்து, டம்ளரைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு விலகியது. பூச்சிகள் டம்ளரை விட்டுவிட்டு வெடிப்புக்குள் இறங்கிப் போயின. தினமும் காலையில் பொடி மண்ணால் இடுக்கை அடைப்பதே முதல் வேலையானது. எங்கே புதைத்தேன் என்று மறந்துவிடாமலிருக்கச் சிவப்புத் துணியில் சின்னச் சின்னக் கொடிகள் நட்டேன்.

கிடை போட்ட புஞ்சையில் சாணி வண்டுகள் பந்திக்கு வந்தவர்கள் மாதிரி விழுந்தன. வெறும் புஞ்சையில் எறும்புகள், சில கருவண்டுகள், ஒருநாள் ஒரு தேள். வித்தியாசம் அழகாகத் தெரிந்தது. மனதுக்குள் நான் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன்.

ஒரு காலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் வெறும் புஞ்சை வெறுமையாக இல்லை. தரை முழுக்கப் புழுக்கை. டம்ளர்கள் மிதிபட்டு நசுங்கிக் கிடந்தன. கொடிகளில் பாதியை ஆடுகள் தின்றிருந்தன. நடுவில் அண்ணாச்சி, கல்யாண வீட்டுக்காரர் முகத்தோடு.

“பாத்தியாட்டி? ஒன் புஞ்சைக்கும் போட்டாச்சு!”

“அண்ணாச்சி, இதுல ஆடு வரக் கூடாதுன்னு சொன்னேம்லா?”

“சொன்ன. நேத்து கயத்தாத்துலேர்ந்து என் மச்சினன் வந்தான். வந்தவன் சும்மா இருக்கானா? ‘என்ன அத்தான், கிடை போட வக்கில்லாத புஞ்சைன்னு ஊருக்குக் கொடி நட்டுக் காட்டுதியளோ’ன்னு கேக்கான். கீதாரி வேற பக்கத்துல நிக்காரு.”

“ஆராய்ச்சின்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொல்லாம இருப்பனா? ‘ஒண்ணுமில்லாத நெலத்துல என்னத்த ஆராயுதாவ’ன்னு ரெண்டு பேரும் சிரிக்காவ. எனக்குப் பொறுக்கல. ராத்திரியே மந்தை இங்கனதான் அடையணும்னு கீதாரிட்ட அப்பமே சொல்லிட்டேன்.”

தூக்குவாளியில் காப்பியோடு வந்த அவர் மனைவி என் முகத்தைப் பார்த்தார். “எதுக்குட்டி மூஞ்சத் தூக்குத? இனி ரெண்டு புஞ்சையிலயும் வண்டு வரும். ஒனக்கு லாபந்தான?”

பேராசிரியரை போனில் அழைத்தேன்.

“சார், ஆடு வந்துட்டு.”

“எந்த ஆடு?”

“வரக் கூடாத புஞ்சைக்கு.”

தொடர்பு போய்விட்டதோ என்று நான் மூன்று முறை ஹலோ சொன்னேன். கடைசியில், “டம்ளரத் திரும்பப் புதைம்மா” என்றார். வேறு யோசனை இல்லாதவர்கள் சொல்வது அது.

கோபத்தோடு புதைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் சாணி வண்டுகள் வந்து விழ ஆரம்பித்த பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று புரிந்தது. அதே மண், அதே வெயில், அதே இடம். கிடைக்கு முன்னும் பின்னும். பக்கத்துப் புஞ்சையோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், இரண்டு மண்ணும் ஒன்றா என்று யாரும் கேட்டிருக்கலாம். இப்போது அந்தக் கேள்விக்கு வாய் இல்லை. பேராசிரியரிடம் சொன்னேன். “நானும் முதல்லயே இத நெனச்சேன்” என்றார்.

ஆய்வை மதிப்பிட வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இரண்டாவது நிலத்தில் குறிப்பாக அந்த நாளில் கிடை போடலாம் என்று எதை வைத்துத் தீர்மானித்தீர்கள்?” என்று கேட்டார். பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த அறையில் அது இருந்தது. மழை, ஈரப்பதம் என்று கண்ணியமான காரணங்கள் எனக்கும் தோன்றின. ஆனால் அவற்றைச் சொன்னால் அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

“அன்னைக்குத்தான் நிலத்துக்காரரோட மச்சினன் வந்து கேலி பண்ணினார் சார்” என்றேன்.

முழுக்கதையையும் கேட்டு வாங்கினார். தேள் வந்த இடத்தில் அல்ல, கொடிகளை ஆடு தின்ற இடத்தில்தான் சிரித்தார். பிறகு, அதையும் அறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன். பரிந்துரை கிடைத்தது.

மூன்றாம் ஆண்டும் முடிந்து, கிளம்புவதற்கு முந்தைய வாரம் அண்ணாச்சி தார்ப்பாய் வாங்கக் கடைக்கு வந்தார். கல்லாவில் நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

“வெளியூருக்குப் போறியாமே. அங்கனயும் இதே படிப்புத்தானா?”

“ஆமா அண்ணாச்சி.”

“நெலத்துக்காரனுக்கு மச்சினன் உண்டுமான்னு முதல்ல கேட்டுக்க” என்றார். “அப்பறமாக் கொடிய நடு.”