மோதிரக் குழி விழுந்த பிஸ்கட்

மாவை உருட்டி, உள்ளங்கையில் வைத்துத் தட்டி, தகரத் தட்டில் இறக்கி, விரலை மடக்கி, வெள்ளி மோதிரத்தின் சிவப்புக் கல்லால் நட்டநடுவில் ஓர் அழுத்து. குழி விழுகிறது. "பிஸ்மில்லாஹ்" என்று அடுத்த உருண்டை. தட்டு நிறைய ஓட்ஸ் பிஸ்கட்டுகளுக்கு இப்படி முத்திரை குத்தி முடியும்வரை நஸீர் நானாவுடன் யாரும் கதைக்கக் கூடாது. கதைத்தால் குழி கோணும். குழி கோணினால் பிஸ்கட் ஒரு பக்கமாகக் கருகும் என்பது அவருடைய கோட்பாடு. குழி கோணாத நாட்களிலும் ஒரு பக்கமாகத்தான் கருகுகிறது. அதற்கு அவரிடம் வேறு கோட்பாடு உண்டு.

முத்திரை எதற்கு என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "நாளைக்கு யாராச்சும் கள்ளச் சாமான் அடிச்சா? இது நம்மட விசுக்கோத்து எண்டு எப்பிடிப் புடிக்கிற?" அப்படி ஓர் ஆபத்து இருப்பதாக நினைக்கும் ஒரே மனிதர், பாலாவியில் மட்டுமல்ல, இந்தத் தீவிலேயே அவர்தான்.

பாலாவியில் உப்பளம் வைத்து நடத்தியவர். இப்போது அதை மகன் இனாஸ் பார்க்கிறான். ஓய்ந்து கதிரையில் உட்கார்ந்த உடனேயே சீனி வருத்தம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. புத்தளத்து டொக்டர் காலையில் ஓட்ஸ் குடிக்கச் சொன்னார். இவருக்கோ ஆயுளில் எதையும் சில்லறையாக வாங்கிப் பழக்கமில்லை. உப்பு ஏற்றும் லொறியிலேயே ஓட்ஸை மூட்டையாக இறக்கினார். மறுநாள் காலை ஒரு கோப்பை குடித்தார். "கடதாசியக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இரிக்கிது" என்று கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். வீட்டில் மனிதர் நடக்க வழியில்லாமல் ஓட்ஸ் நின்றது. மருமகள் கேக் அடிக்க வாங்கிய மின்சாரப் போறணை சும்மா கிடந்தது. சரித்திரத்தில் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

முதல் சுட்டதில் உப்பு கூடிவிட்டது. உப்பு அள்ளிப் பழகிய கைக்குச் சிட்டிகை என்றால் என்னவென்று தெரியாது. அதன்பிறகு வந்தது ஆராய்ச்சிக் காலம். கஜு போட்டார், இஞ்சி போட்டார், கருஞ்சீரகம் போட்டார். முருங்கை இலை போட்டபோது பிஸ்கட்டுகள் பாசி பிடித்த கல்லைப் போல வந்தன. "பச்சை எண்டா சத்து" என்றார். மாசித் தூள் போட்ட வாரம் வீட்டுப் பூனைக்கு நம்பிக்கை பிறந்தது. ஒரு கடி கடித்தது. நம்பிக்கை போய் மதில் மேல் ஏறிக்கொண்டது. கல்பிட்டிக் கூனி இறாலைப் போட்டதைக் காகமொன்று கொத்திக்கொண்டு போனது. கூரையில் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுப் பறந்தது. நஸீர் நானா சோரவில்லை. "காகத்துக்கு என்ன தெரியும்? அது சோத்துக்குப் பழகினது."

அவருக்கு வேண்டியது பாராட்டல்ல. பாராட்டு அந்தத் தெருவில் தாராளம். யாருக்கு நீட்டினாலும் ஒன்றை எடுக்கிறார்கள், நெடுநேரம் மெல்லுகிறார்கள், "மாஷா அல்லாஹ், சோக்கா இரிக்கி" என்கிறார்கள். பிறகு அந்தக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொள்கிறார்கள். நஸீர் நானா முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார். அந்தக் கை கேளாமல், வற்புறுத்தாமல், தானாக இன்னொரு முறை தட்டுக்கு வரவேண்டும். ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை, இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தால் போதும். அதற்குமேல் துன்யாவில் அவருக்கு ஓர் ஆசையும் இல்லை.

மனைவி முஃபீதா, இவர் சுடும்போதெல்லாம் ஒன்று தின்பார். நிக்காஹ் நேரம் யாரும் சொல்லாமல் விட்ட நிபந்தனை அது என்று எண்ணித் தின்பார். "இன்னொண்டு?" என்று இவர் கேட்கவும் மாட்டார். ஆனாலும் கேட்டுவிடுவாரோ என்று முஃபீதாவுக்கு அடுப்படியில் ஏதோ ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடும்.

அதனால் நோன்பு மாதம் பிறந்ததும் நஸீர் நானாவின் முகத்தில் ஓர் ஒளி. "பசிச்ச மனிசன் ஒண்டோட நிப்பானா, சொல்லு பாப்பம்?" நோன்பு மாதத்தில் அந்தத் தெருவில் பீங்கான்களுக்கு ஓய்வே கிடையாது. அஸர் தொழுகை முடிந்தால் பின்னல் துணி மூடிய பீங்கான் வேலிக்கு மேலாலும் படலை வழியாலும் போகும், வரும். வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது மட்டும் ஆகாது. கொஞ்சம் பேரீச்சம்பழமாவது வைத்துத்தான் அனுப்ப வேண்டும். கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்த புதிய ரகம் ஒன்றைச் சுட்டு, பீங்கானில் கோபுரமாக அடுக்கி, பக்கத்து வீட்டு நஃபீஸா ராத்தாவுக்கு முதல் நோன்பன்றே அனுப்பினார். நஃபீஸா வீட்டிலிருந்து பீங்கான் நிறையச் சமோசா வந்தது. சமோசா வந்ததென்றால் பிஸ்கட் உள்ளே போயிருக்கிறது என்பது அவர் கணக்கு.

நோன்பு பாதி கழிந்த ஒரு பின்னேரம், தெருக்கோடி ஹிஸ்புல்லா ஹாஜியார் வீட்டிலிருந்து ஒரு பீங்கான் வந்தது. நஸீர் நானா பின்னல் துணியைத் தூக்கினார். கோபுரமாக ஓட்ஸ் பிஸ்கட். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. மோதிரத்தைக் கழற்றிக் குழியில் வைத்துப் பார்த்தார். அச்சொட்டாகப் பொருந்தியது. அடுப்படி வாசலிலிருந்து முஃபீதா எட்டிப் பார்த்தார்.

விசாரணை உடனே தொடங்கியது. வேலியடியில் நின்று, "நஃபீஸா, நம்மட விசுக்கோத்து என்னாச்சு?" என்றார்.

நஃபீஸா ராத்தா தடுமாறவில்லை. "அல்லாஹ்வே, நஸீர் நானா! நல்ல சாமான் ஒண்டு ஊட்டுக்கு வந்தா நாங்களே தின்னுறதா? அண்டை அயலுக்கும் ஹக்கு இரிக்கே! பஸீஹா ஊட்டுக்கு அனுப்பிட்டன்."

எதிர்வீட்டுப் பஸீஹாவும் அதே மார்க்கத்தில்தான் இருந்தார். "ஓம் நானா, அந்த நன்மைய நான் ஒத்தையா எடுக்கேலுமா? ஹாஜியார் ஊட்டுப் பீங்கான் வேற வெறுசா கெடந்திச்சு."

உண்மை தெரியாதவர் ஹாஜியார் மட்டும்தான். வாசலில் நின்று மகிழ்ச்சியோடு கூப்பிட்டார். "என்ன நஸீர், நாங்க அனுப்பினது வந்திச்சா? நோன்பு தொறந்திட்டுத் திண்டு பாருங்க. இந்தக் கல்லுப்போல சாமான் பல்லுக்கு நல்லதாம்!"

"நீங்க திண்டீங்களா, ஹாஜியார்?"

"எனக்கேது பல்லு?"

நஸீர் நானா வீட்டுக்கு வந்து போறணையின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்தார். இந்த வீட்டில் அந்த வயர் சுருண்டதை யாரும் கண்டதில்லை. பிஸ்கட் இல்லாத வாழ்க்கைக்கு முஃபீதா எத்தனையோ நாள் துஆக் கேட்டிருக்கிறார். ஆனால் அது இப்படிக் கதிரையில் கை தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மஃரிப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, சமோசா. தொழுதுவிட்டு வந்து இருவரும் பிளேன்டீயோடு உட்கார்ந்தார்கள். நடுவில் ஹாஜியார் வீட்டுப் பீங்கான். அவர் மனதைக் கொஞ்சம் ஆற்றலாமென்று முஃபீதா ஒன்றை எடுத்தார். வழக்கம்போல் கடைவாய்ப் பல்லுக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக் கடித்தார். பல் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

கண்ணைத் திறந்து கையிலிருந்ததைப் பார்த்தார். நாள்கணக்காகக் களப்பின் ஈரக் காற்றைக் குடித்துப் பிஸ்கட் பதமாக இளகியிருந்தது. நஃபீஸா வீட்டில் ஏலக்காய் டின்னுக்குள் தங்கியிருக்க வேண்டும், அந்த வாசம். பஸீஹா வீட்டில் கறுவாப்பட்டையோடு பழகியிருக்க வேண்டும். அதுவும் மெல்ல வந்தது. நஸீர் நானா தன் போறணையில் சாதிக்க முடியாததைத் தெரு தன் அலுமாரிகளில் சாதித்திருந்தது.

"என்ன?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"ஒண்டுமில்ல. நீங்க தேத்தண்ணியக் குடிங்க."

முஃபீதா மிச்சத் துண்டையும் வாயில் போட்டார். கையைத் துடைக்கவில்லை. அந்தக் கை கஞ்சிக் கோப்பையைத் தாண்டி, சமோசாவைத் தாண்டி, பீங்கானுக்குப் போனது.

நஸீர் நானா அசையவில்லை. உப்பளத்தில் கொக்கு இறங்கும்போது நேரே பார்த்தால் பறந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். முகட்டில் சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டு, ஒரு விரலால் பீங்கானை மெல்ல, மிக மெல்ல, மனைவியின் பக்கம் தள்ளினார்.

மறுநாள் போறணை சூடாக இருந்தது. தட்டில் இறங்கியவற்றில் ஒன்றைக்கூட வீட்டில் வைக்காமல் பீங்கானில் அடுக்கினார். "இனி இது ஊர் சுத்திட்டுத்தான் வரோணும்" என்று பின்னல் துணியால் மூடினார். தொப்பியைச் சரிசெய்தார். பீங்கானை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, நஃபீஸா வீட்டுப் படலையைக் காலால் தள்ளினார்.